கினிப்பன்றிக் கூண்டிலிருந்து கிளம்பிய அம்பு

ஆராய்ச்சி மாநாடு எதற்குப் போனாலும் ஒரு படத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. திரையில் நாலைந்து நீள்வட்டங்கள், அவற்றைச் சுற்றிக் குட்டிக் குட்டியாய்ச் செவ்வகங்கள், எல்லாவற்றையும் இணைக்கும் அம்புகள், ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு தசம எண். மேலாண்மைக்காரர் வட்டத்துக்குள் ‘ஊழியர் மனநிறைவு’ என்று எழுதியிருப்பார். செவிலியர் கல்லூரியிலிருந்து வந்தவர் ‘பணி அழுத்தம்’ என்று எழுதியிருப்பார். கல்வியியல்காரர் ‘கற்கும் ஆர்வம்’ என்பார். வட்டத்துக்குள் பெயர் மாறும், படம் மாறாது. அந்த அம்புக்கு இப்போது வயது நூற்றுக்கு மேல். அது பிறந்தது மேலாண்மைத் துறையிலோ உளவியலிலோ இல்லை. அமெரிக்க வேளாண் துறை வளர்த்த கினிப்பன்றிகளின் கூண்டருகில்.

1906இல் அந்தத் துறை ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. கினிப்பன்றிகளில் உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் இணை சேர்ப்பது, பிறக்கும் குட்டிகளையும் அப்படியே சேர்ப்பது, இதைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோவது. நெருங்கிய ரத்தக் கலப்பு கால்நடையை எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க வேண்டும். மாட்டில் செய்தால் காலமும் பிடிக்கும், காசும் பிடிக்கும். 1915இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் முடித்த கையோடு, 25 வயது சூவல் ரைட் அந்த வேலைக்கு வந்தார். ஒன்பது ஆண்டுக் கணக்கேடுகள் அவருக்காகக் காத்திருந்தன.

ஏடுகளில் ஒரு புதிர் இருந்தது. இத்தனை தலைமுறை உள்ளுக்குள்ளேயே கலந்த குடும்பத்தில் எல்லாக் குட்டிக்கும் மரபு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஈற்றில் ஒரு குட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகப் பிறக்கிறது, இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் நிறத் திட்டு. இதில் மரபின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு?

ரைட் இதற்கு ஒரு படம் வரைந்தார். தந்தை, தாய், விந்து, முட்டை, குட்டி என்று வரிசையாகப் போட்டு, எது எதைப் பாதிக்கிறதோ அதை நோக்கி ஒரு அம்பு. மரபுக்கு ஒரு எழுத்து, சூழலுக்கு ஒரு எழுத்து, கருப்பைக்குள் வளரும்போது நேரும் பெயர் தெரியாத தற்செயல்களுக்கு ஒரு எழுத்து. ஒவ்வொரு அம்பின் வலிமைக்கும் ஒரு எண். அதைத்தான் பாதைக் கெழு என்கிறோம். விதி எளிது: ஒரு பாதையில் வரும் எண்களைப் பெருக்க வேண்டும், வெவ்வேறு பாதைகளில் வந்தவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வருவது, ஏட்டிலிருந்து கணக்கிடக்கூடிய ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்று சொல்லும் எண். தெரிந்ததிலிருந்து தெரியாததைத் தேட இப்படி வழி கிடைத்தது. 1920இல் வெளியான கட்டுரையில் விடை இருக்கிறது. கலப்பைக் கட்டுப்படுத்தாத மந்தையில் நிற வேறுபாட்டுக்கு மரபின் பங்கு சுமார் 42 சதவீதம். உடன்பிறப்புக் கலப்பிலேயே வந்த குடும்பத்தில் அது சுமார் 3 சதவீதம்தான். அங்கே மிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பெயர் தெரியாத தற்செயல்.

அடுத்த ஆண்டே ‘ஒட்டுறவும் காரணமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் முறையை விரித்து எழுதினார். அந்தக் காலத்துப் புள்ளியியலில் அது கொஞ்சம் துணிச்சலான தலைப்பு. லண்டனில் கார்ல் பியர்சனும் அவர் வழிவந்தவர்களும் ‘காரணம்’ என்ற பேச்சையே அறிவியலிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஒட்டுறவு இருக்கிறது, அதுவே போதும் என்று. 1922இல் ஹென்றி நைல்ஸ் என்பவர் ரைட்டைக் காய்ச்சி எடுத்தார். எது எதற்குக் காரணம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே இந்தப் படத்தை வரைய முடியும், தெரியாமல் எப்படி வரைவது என்பது அவர் கேள்வி. அடுத்த ஆண்டு ரைட் பதில் எழுதினார். ஒட்டுறவிலிருந்து காரணத்தைக் கறந்து தரும் முறை இது என்று நான் சொல்லவே இல்லை. காரணம் பற்றி ஏற்கெனவே இருக்கும் அறிவையும் ஒட்டுறவின் அளவையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் முறை இது. அவர் பதிலின் சாரம் இவ்வளவுதான். நூறு ஆண்டாக இந்த அம்பைச் சுற்றி நடந்த சண்டை எல்லாமே இந்த இரண்டு பேர் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அம்பு முதலில் வெளியூர் போனது அப்பாவோடு. பிலிப் ரைட் இலினாய் மாநிலத்து கேல்ஸ்பர்க்கில் ஒரு சின்னக் கல்லூரி வாத்தியார். வீட்டிலேயே ஓர் அச்சகம் வைத்திருந்தார், பிள்ளைகள் அதில் கூடமாட வேலை செய்தார்கள். பின்னாளில் பெரும் கவிஞரான கார்ல் சாண்ட்பர்க் அவருடைய மாணவர்; சாண்ட்பர்க்கின் முதல் புத்தகங்கள் அச்சானது அங்கேதான். அந்த பிலிப் ரைட் பிறகு பொருளாதாரத்தில் இறங்கி, 1928இல் தாவர, விலங்கு எண்ணெய்கள் மீதான இறக்குமதி வரி பற்றி ஒரு நூல் எழுதினார். நூலை விட அதன் பின்னிணைப்பு பேர் வாங்கியது. விலை ஏறினால் வாங்குவது குறையும், வாங்குவது குறைந்தால் விலை இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது எதன் விளைவு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? வெளியிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் அசைக்கும் ஒரு காரணியைப் பிடி என்று அந்தப் பின்னிணைப்பு காட்டியது. இன்றைக்குப் பொருளாதாரம் படிக்கும் ஒவ்வொருவரும் கற்கும் ‘கருவி மாறி’ முறை அங்கேதான் முதலில் வருகிறது. நடை மகனுடையதுபோல் இருக்கிறதே, எழுதியது யார் என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. 2003இல் ஸ்டாக், ட்ரெப்பி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இருவரின் எழுத்திலும் சின்னச் சின்னச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, அது அப்பாதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மகனும் சும்மா இருக்கவில்லை. மக்காச்சோள விலையும் பன்றி விலையும் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று அம்பு போட்டு 1925இல் ஓர் அரசு வெளியீடு கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு அம்பு நெடுங்காலம் கால்நடைக்காரர்களிடமும் பயிர்க்காரர்களிடமும் மட்டும் தங்கிவிட்டது. 1926இல் ரைட் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். 1939 முதல் 1955 வரை அதே பல்கலைக்கழகத்தில் கௌல்ஸ் கமிஷன் என்ற பெயரில் உலகின் தலைசிறந்த பொருளாதார அறிஞர்கள் கூடி, ஒன்றையொன்று இழுக்கும் சமன்பாடுகளைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வளாகம், ஒரே பிரச்சினை. ஆனால் அவர்கள் எழுதியவற்றில் ரைட்டின் அம்புக்கு இடம் கிடைக்கவில்லை.

பயிர்ப் பெருக்கக்காரர்கள் அதை விடவில்லை. 1959இல் டூவி, லூ என்ற இருவர் ஒரு தீவனப் புல்லின் விதை விளைச்சலுக்கு இந்த முறையைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அம்பு இந்தியாவுக்குள் வந்தது. நம்மூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் ரகங்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ‘பாத் அனாலிசிஸ்’ செய்யாமல் தப்பித்திருக்க மாட்டார். தூர்களின் எண்ணிக்கை, கதிர் நீளம், கதிருக்கு எத்தனை மணி, ஆயிரம் மணி எடை, கடைசியில் விளைச்சல். இங்கே அம்பு நன்றாகவே வேலை செய்கிறது. தூர் நிறையக் கட்டும் ரகத்தில் கதிருக்கு மணி குறையும். ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பார்ப்போம். தூர் நேராக விளைச்சலைக் கூட்டுவது 0.6, மணியைக் குறைத்து அதன் வழியாக விளைச்சலைக் கெடுப்பது 0.5 என்றால், கூட்டிக் கழித்து ஒட்டுறவு 0.1 என்றுதான் தெரியும். ஒட்டுறவை மட்டும் பார்ப்பவர் தூரால் பயனில்லை என்று தள்ளிவிடுவார். அம்பு போட்டவர், தூரும் வேண்டும், மணியும் குறையாத ரகத்தைத் தேடு என்பார். இந்தப் படத்தில் அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தூர் முதலில், கதிர் பிறகு, மணி அதற்கும் பிறகு. பயிரின் வயதே திசையைச் சொல்லிவிடுகிறது.

மனிதர்களிடம் வந்தபோது அந்த வசதி போயிற்று.

சமூகவியலில் அம்பைக் கொண்டுவந்து நட்டவர் ஓட்டிஸ் டட்லி டங்கன். 1966இல் ஒரு கட்டுரை. 1967இல் பீட்டர் பிளாவுடன் சேர்ந்து அமெரிக்கர்களின் தொழிலைப் பற்றி ஒரு பெரிய நூல். 1962இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் எடுத்த கணக்கு அது. தகப்பனின் படிப்பு, தகப்பனின் தொழில், மகனின் படிப்பு, மகனின் முதல் வேலை, 1962இல் அவன் பார்த்த வேலை. ஐந்தே மாறிகள். இதிலும் ஓரளவு காலவரிசை இருக்கிறது, அதனால்தான் அந்தப் படம் இன்றுவரை பாடப் புத்தகத்தில் நிற்கிறது.

அதில் ஒரு மூலையை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். தகப்பன் படிப்பிலிருந்து மகன் படிப்புக்கு நேர் அம்பு 0.310. தகப்பன் தொழிலிலிருந்து மகன் படிப்புக்கு 0.279. தகப்பனின் படிப்புக்கும் அவர் தொழிலுக்கும் உள்ள ஒட்டுறவு 0.516. தொழில் வழியாகச் சுற்றி வரும் பங்கைக் கணக்கிட 0.279ஐ 0.516ஆல் பெருக்கினால் 0.144. நேர்வழியோடு கூட்டினால் 0.454. தரவில் தகப்பன் படிப்புக்கும் மகன் படிப்புக்கும் இருக்கும் ஒட்டுறவு 0.453. கினிப்பன்றிக்குப் போட்ட அதே கணக்கு அமெரிக்கக் குடும்பத்துக்கும் பொருந்தி வருகிறது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. படத்தின் அந்த மூலை இப்படிப் பொருந்தும்படிதான் எண்களே கணக்கிடப்பட்டன. எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது, மகனின் படிப்பை நோக்கி எங்கிருந்தோ வரும் பெயரில்லாத அம்பு. அதன் எண் 0.859. இருமடியாக்கிப் பார்த்தால், மகனின் படிப்பில் உள்ள வேறுபாட்டில் முக்கால்வாசியை இந்தப் படத்தால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். பிளாவும் டங்கனும் அதை மறைக்காமல் படத்திலேயே போட்டார்கள்.

1970 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஒரு மாநாடு கூடியது. அங்கே பொருளாதாரம் கற்பித்த ஆர்தர் கோல்ட்பெர்கர் முன்னின்றார், டங்கன் துணை நின்றார். பொருளாதாரத்தார், சமூகவியலார், உளவியலார், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். ஒவ்வொரு துறையின் கையிலும் பாதிதான் இருந்தது. ஒவ்வொரு அம்புக்கும் ஒரே ஒரு விடையைக் கண்டுபிடிக்க இந்தச் சமன்பாடுகள் இடம் தருகின்றனவா என்ற கேள்வியில் பொருளாதாரத்தார் கெட்டிக்காரர்கள். ஆனால் அளந்த எண்ணில் பிழை இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். உளவியலார் 1904இல் ஸ்பியர்மன் காலத்திலிருந்தே பிழையோடு வாழ்ந்தவர்கள். அறிவுத்திறனை நேராக அளக்க முடியாது, நாலைந்து தேர்வு மதிப்பெண்ணிலிருந்து ஊகிக்கத்தான் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊகித்த அந்தத் திறனிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போடும் பழக்கம் அவர்களிடம் இல்லை. சமூகவியலாரிடம் அம்பு இருந்தது, மற்ற இரண்டும் இல்லை.

இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் 35 வயது ஸ்வீடன்காரர் கார்ல் யோரெஸ்கோக். உப்சாலாவில் ஹெர்மன் வோல்டிடம் படித்துவிட்டு, அப்போது பிரின்ஸ்டனில் தேர்வு நடத்தும் நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நேரில் காண முடியாத மாறிகளுக்கு நடுவில் அம்பு போட்டு, அம்புகள் அத்தனையின் எண்ணையும் கணினியில் ஒரே மூச்சில் மதிப்பிடும் பொதுவான வழியை அவர் கட்டுரை காட்டியது. மாநாட்டுக் கட்டுரைகள் 1973இல் நூலாக வந்தன. இன்று நம் கருத்தரங்குகளில் எஸ்.இ.எம். என்று மூன்றெழுத்தில் சொல்லும் கட்டமைப்புச் சமன்பாட்டுச் சமாச்சாரத்துக்கு அந்த நூலைத்தான் தொடக்கம் என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். சூவல் ரைட் 1955 முதல் அதே மேடிசன் நகரில்தான் குடியிருந்தார். மாநாடு நடந்தபோது அவருக்கு வயது 80. பரிணாமம் பற்றிய நான்கு பாகப் பெருநூலில் மூழ்கியிருந்தார். அவருடைய கணக்கைப் பொருளாதாரத் துறை அரை நூற்றாண்டு கண்டுகொள்ளவில்லை என்று கோல்ட்பெர்கர் 1972இல் எக்கனாமெட்ரிகா இதழில் எழுதினார்.

யோரெஸ்கோக் 1971இல் உப்சாலா திரும்பினார். மாணவர் டாக் சோர்போமுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மென்பொருள்தான் லிஸ்ரெல். வேடிக்கை என்னவென்றால், தொடக்க கால லிஸ்ரெலில் அம்பே கிடையாது. எட்டு அணிகள், எட்டுக்கும் கிரேக்க எழுத்தில் பெயர். பீட்டா, காமா, லாம்டா இரண்டு, ஃபை, சை, தீட்டா இரண்டு. காகிதத்தில் படம் வரைந்து, ஒவ்வொரு அம்பும் எந்த அணியில் எந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் வரும் என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டம் தவறினால் போச்சு. கஷ்டம்தான், ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது: ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது.

பிறகு அமெரிக்காவில் ஜேம்ஸ் அர்பக்கிள் எழுதிய அமோஸ் வந்தது. திரையில் மௌஸால் அம்பை இழுத்து வரைந்தால் போதும், கணக்கை அது பார்த்துக்கொள்ளும். நம்மூரில் எஸ்.இ.எம். என்றாலே அமோஸ் என்றாகிவிட்டது. ‘அமோஸ் பயிலரங்கம், இரண்டு நாள், சான்றிதழ் உண்டு’ என்ற சுவரொட்டி ஒட்டாத மேலாண்மைத் துறை குறைவு.

அங்கே நடப்பதை எல்லாரும் அறிவார்கள். மாணவர் ஐந்து புள்ளி அளவுகோலில் கொஸ்டினர் கொடுத்து முந்நூறு, நானூறு பேரிடம் விவரம் வாங்கியிருப்பார். படம் வரைந்து பொத்தானை அழுத்துவார். அடுத்து கைடு கேட்பது ஒன்றே ஒன்று: ‘ஃபிட் வருதா?’ படம் தரவோடு பொருந்துகிறதா என்று அர்த்தம். வராவிட்டால், எங்கே ஒரு இணைப்புப் போட்டால் ஃபிட் கூடும் என்று மென்பொருளே ஒரு பட்டியல் தரும். பட்டியலைப் பார்த்துப் பிழைகளுக்கு நடுவில் ஒவ்வொரு இருமுனை அம்பாகப் போட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் வந்துவிடும். ஏழாவது கேள்வியின் பிழைக்கும் பதினோராவது கேள்வியின் பிழைக்கும் என்ன உறவு என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை.

ஃபிட்டுக்கான எல்லைக்கோடுகளுக்கும் ஒரு கதை உண்டு. ஆர்.எம்.எஸ்.இ.ஏ. என்று ஆய்வேட்டில் பயபக்தியுடன் எழுதப்படும் ஃபிட் அளவு, ஸ்டைகர், லிண்ட் இருவரும் 1980இல் அயோவா சிட்டியில் நடந்த ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரையில் வந்தது. 0.05க்குள் இருந்தால் நல்லது என்பதை 1993இல் பிரௌன், குடெக் இருவரும் தங்கள் அனுபவத்தில் படுவதாகத்தான் சொன்னார்கள். 1999இல் ஹூ, பெண்ட்லர் வேறு சில எல்லைகளைச் சொன்னார்கள். எங்கேயும் இதுவே சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று 2004இல் மார்ஷும் அவர் கூட்டாளிகளும் எச்சரித்தார்கள். எல்லைக்கோடு தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது, எச்சரிக்கை வரவில்லை.

ஃபிட் வந்துவிட்டால் அம்பு சரி என்று ஆகுமா? வீட்டில் அமோஸ் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ‘மனநிறைவு’ ஒரு வட்டம், ‘விசுவாசம்’ ஒரு வட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. மனநிறைவிலிருந்து விசுவாசத்துக்கு அம்பு போட்டு ஓட்டுங்கள். பிறகு அம்பைத் திருப்பி விசுவாசத்திலிருந்து மனநிறைவுக்குப் போட்டு ஓட்டுங்கள். ஃபிட்டைச் சொல்லும் கை-வர்க்கமும் மாறாது, சி.எஃப்.ஐ.யும் மாறாது, ஆர்.எம்.எஸ்.இ.ஏ.வும் மாறாது. கடைசித் தசமம் வரை அதே எண். இரண்டு படமும் தரவுக்கு ஒன்றுதான். அம்பின் திசை தரவில் இல்லை, வரைந்தவர் தலையில் இருக்கிறது. நைல்ஸ் கேட்டதும் ரைட் ஒப்புக்கொண்டதும் இதைத்தான்.

டங்கனே பின்னாளில் சலித்துப்போனார். கணக்குப் போடுவதையே ஆராய்ச்சி என்று நினைக்கும் நோய் சமூகவியலைப் பிடித்துவிட்டது என்று 1984இல் எழுதினார். 1987இல் பெர்க்லியின் டேவிட் ஃப்ரீட்மன், பிளா–டங்கன் படத்தையே பிரித்து மேய்ந்து, இந்த எண்களுக்கு அடியில் இருக்கும் அனுமானங்களை யார் சோதித்தார்கள் என்று கேட்டார். மரபியலிலும் 1983இல் இதுபோல் ஒரு தாக்குதல் வந்தது. அதற்கு அதே ஆண்டு ஓர் இதழில் பதில் எழுதியவர் 93 வயது சூவல் ரைட். 1988இல் மேடிசனில் காலமானார்.

இதற்கிடையில் கணினி அறிவியலிலிருந்து ஒருவர் அம்பை எடுத்தார். கலிஃபோர்னியாவின் ஜூடியா பெர்ல், 2000இல் வந்த நூலில் அம்புக்கு முறையான கணிதம் அமைத்தார். எந்தப் படத்தில் எதைக் கேட்டால் விடை உண்டு, எதைக் கேட்டால் எவ்வளவு தரவு கொட்டினாலும் விடை கிடையாது என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்ல விதிகள் தந்தார். 2011ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குத்தான். அவர் அழுத்திச் சொல்வதில் நம் மாணவர்களுக்கு உதவக்கூடியது ஒன்று: வரைந்த அம்பை விட வரையாத அம்புதான் பெரிய வாக்குமூலம். அம்பு போட்டால் ‘ஏதோ பாதிப்பு இருக்கலாம்’ என்றுதான் பொருள். போடாவிட்டால் ‘பாதிப்பு துளியும் இல்லை’ என்று சத்தியம் செய்ததாகப் பொருள். சம்பளத்துக்கும் மனநிறைவுக்கும் நடுவில் அம்பு போடாத ஆய்வேடுகள் எத்தனையோ.

பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கலாம். வரைந்த ஒவ்வொரு அம்புக்கும் ஏன் இந்தத் திசை என்று ஒரு வரி. வரையாமல் விட்டவற்றில் முக்கியமானவற்றுக்கு ஏன் இல்லை என்று ஒரு வரி. இதற்குப் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. மென்பொருளே வேண்டுமென்றாலும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்து ஈவ் ரோசீல் எழுதிய லவான் இலவசமாகவே கிடைக்கிறது, படம் வரையத் தெரியாவிட்டாலும் அதில் அம்பை எழுத்தில் எழுதலாம். அந்த ஒரு பக்கத்தை எழுத மாணவரும் கைடும் ஒரு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். வைவாவுக்கு வருபவர் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வியைத் தொடங்கட்டும்.